நைட்டி வேனில் இருந்த ஃப்ரிட்ஜ்

கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை. சித்திரை மாத வெயிலில் வேனை அதன் வாசலில் நிறுத்திவிட்டு, பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் நைட்டிக் கட்டுகளுக்கு நடுவே இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாருதும்மா?"

"என்துதாங்க."

"சார் வரலயா?"

"சாருன்னு யாரும் இல்லீங்க. எதுவா இருந்தாலும் என்னையே கேளுங்க."

இரண்டடி நீளம், மேல்பக்கம் திறக்கிற மூடி, வண்டி பேட்டரியில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் அது. வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்காகச் செய்தது. புதுச்சேரியில் ஒருவர் அப்படிச் சுற்றுவதற்கென்று ஒரு வேனைத் தயார் செய்திருந்தார். ஒரே வருஷத்தில் அலுத்துப்போய்ப் படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் என்று தனித்தனியாக விற்றார். ஃப்ரிட்ஜை நான் வாங்கினேன்.

மெக்கானிக் அதன் சுவிட்சைப் போட்டார். மூன்று விநாடி உறுமியது, நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே மூன்று விநாடி.

"காஸ் போயிடுச்சி. கம்ப்ரசரும் அவுட்டு. இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கெடைக்காதும்மா. தூக்கிப் போட்டுடுங்க."

ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை. பெட்டியை வண்டியிலிருந்து கீழே இறக்கிப் பார்க்கவும் இல்லை.

"இதுல இன்னா வெக்கிறீங்க? ஐஸ்கிரீமா?"

"இன்சுலின்."

அவர் முகம் மாறியது. இரக்கப்பட்டார். "சுகர வெச்சிக்கினு எதுக்கும்மா இந்த வெயில்ல வண்டி ஓட்டிக்கினு திரியிறீங்க? வூட்ல இருக்கலாம் இல்ல?"

அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் பதினான்கு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்டால் என் காது மடல் சூடாகும். பின் கதவை அடித்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

பதினான்கு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. வயதானவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. மாத்திரை போதாது, ஊசிதான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பிரியடுக்கு என்னை உட்கார வைத்தார்கள். கல்லூரி தூரம் என்றார்கள். இரண்டு மூன்று வரன் வந்து, ஊசி விஷயம் தெரிந்ததும் போனது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. வடக்கனந்தல் பக்கம் எங்களுக்குக் கரும்பு நிலம் இருக்கிறது. அப்பா போன பிறகு அண்ணன் பார்க்கிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அண்ணியும் நல்லவர். நான் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. என் ஒருத்தியைத் தவிர.

முப்பத்திரண்டாவது வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, ஈரோட்டிலிருந்து நைட்டியும் உள்பாவாடையும் வரவழைத்து விற்கத் தொடங்கினேன். முதலில் சுற்றுவட்டாரத்தில் விற்றேன். பிறகு கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வெள்ளிமலை. அங்கிருந்து உள்ளே உள்ளே ஊர்கள். ஒரு தடவை ஏறினால் நான்கு நாள். இரவு வேனிலேயே தூங்கிக்கொள்வேன். மலைப் பெண்கள் என்னை நைட்டிக்கா என்று கூப்பிடுவார்கள். என்னை யாரும் சர்க்கரைக்காரி என்று நினைக்காத இடம் அது ஒன்றுதான்.

அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு வைகாசியில், இன்சுலினைக் கைப்பையில் போட்டு, பையை வேனின் முன் சீட்டிலேயே விட்டுவிட்டேன். மலை குளிர்ச்சிதான். ஆனால் கீழே கச்சிராயபாளையத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு நின்ற இரண்டு மணி நேரம் வண்டி அடுப்பாக இருந்தது. மருந்து வெந்துவிட்டது. பார்வைக்குத் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருந்தது, அதனால் தெரியவில்லை. அளவு மாறாமல் ஊசி போட்டுக்கொண்டே இருந்தேன், சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டு வாசலில் விழுந்தேன். அவளும் அவள் புருஷனும் என்னை வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தார்கள். அவர் வந்து ஆம்புலன்ஸில் என்னோடு கள்ளக்குறிச்சி வரை இறங்கினார். எனக்கு அது எதுவும் நினைவில்லை. அவருக்கு முழுவதும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வேன் சாவி பீரோவுக்குள் போனது. ஏழு மாதம். அண்ணன் திட்டவில்லை, கத்தவில்லை. கேட்டால் "ஒடம்பு தேறட்டும்" என்பார். உடம்பு தேறியது. சாவி வரவில்லை. அப்போதுதான் போனில் பழைய பொருள் விற்கிற இடத்தில் இந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். பேருந்தில் புதுச்சேரி போய், பெட்டியை வாங்கி, உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறி, மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தேன். கூடத்தில் அண்ணன் முன்னால் வைத்துச் சொன்னேன்:

"மருந்து இனிமே இதுலதான் இருக்கும். இது ஓடுற வரைக்கும் நான் போவேன். ஓடலன்னா சாவிய நானே குடுத்துடறேன்."

அவர் யோசித்துவிட்டு பீரோவைத் திறந்தார்.

இரண்டு வருஷம் அந்த வாக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போது அதுவே கழுத்தில் விழுந்தது.

மெக்கானிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் கேட்டார். "இன்னா, பொட்டி போயிடுச்சாமே?"

அம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். "ரிப்பேரு. பாத்துடலாம்."

"மெக்கானிக்கு தூக்கிப் போடச் சொன்னான்னு சொன்னியாமே?"

"அவன் சொன்னா ஆச்சா?"

"நீதான சொன்ன, ஓடலன்னா சாவிய குடுக்கறன்னு." குரலில் கடுமை இல்லை. கையை மட்டும் நீட்டினார்.

சாவி என் இடுப்பில் செருகியிருந்தது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுண்ணா," என்றேன். அண்ணி குழம்பு ஊற்றுகிற சாக்கில் நடுவில் வந்து நின்றார். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மருந்தைக் காப்பாற்ற அந்த ஃப்ரிட்ஜ்தான் வேண்டும் என்று இல்லை. மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே நனைத்த துணி. இது போதும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த வாரம் நான் பானையில்தான் மருந்தை வைத்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் பானையைக் காட்டி அண்ணனிடம் சாவி வாங்க முடியாது. பளபளப்பாக, பச்சை விளக்கு எரிந்துகொண்டு, உறுமுகிற ஒரு பெட்டிதான் அவரை நம்ப வைத்தது.

மறுநாள் காலையில் வேனை டிராக்டர் கொட்டகை ஓரம் நிறுத்தி, சாக்கு விரித்து, ஃப்ரிட்ஜை இறக்கினேன். வயர் மட்டும் வேனுக்குள் செருகியபடியே இருந்தது. பக்கவாட்டில் காற்று போக ஓட்டைகள் வைத்த மூடி. அதைப் பிடித்திருந்த நான்கு திருகுகளின் தலை நட்சத்திர வடிவத்தில் இருந்தது. வீட்டிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் எதுவும் பொருந்தவில்லை. டவுனுக்குப் போய் ஒரு செட் வாங்கினேன். கடைக்காரரே மல்டிமீட்டர் ஒன்றையும் காட்டினார், கரண்ட் எவ்வளவு வருகிறது என்று எண்ணில் காட்டுகிற கருவி. அதையும் வாங்கினேன்.

மூடியைக் கழற்றிய பிறகு வெகுநேரம் எதையும் தொடவில்லை. கறுப்பு உருண்டையாகக் கம்ப்ரசர், அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி, சின்னக் காற்றாடி ஒன்று, செப்புக் குழாய்கள். எல்லாம் யாரோ ஒருவரின் வயிற்றைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டேன். உறுமியது, நின்றது. அப்போது அந்தச் சோப்புப் பெட்டியின் ஓரத்தில் கடுகு அளவு சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியதைப் பார்த்தேன். ஒரு முறை. பிறகு சற்று இடைவெளி. மறுபடி ஒரு முறை.

போனில் தேடினேன். எந்த நாட்டுக்காரரோ, நரைத்த தாடி, அவரும் தன் வேனுக்குள் இதே போன்ற பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். பேச்சு புரியவில்லை. ஆனால் அந்த விளக்கைக் காட்டி விரல் விட்டு எண்ணினார். ஒரு விரலைக் காட்டிவிட்டு பேட்டரியைக் காட்டினார். இரண்டு விரல் காட்டிக் காற்றாடியைக் காட்டினார். ஐந்து விரல் காட்டி நெற்றி வியர்வையைத் துடைப்பது போலச் செய்தார். அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். என் பெட்டி ஒரு விரல் காட்டுகிறது. காஸ் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை. எனக்குக் கரண்ட் போதவில்லை என்று சொல்கிறது.

கொட்டகைக்குள் அண்ணனின் டிராக்டர் நின்றது. அதன் பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த வயரை எடுத்து நேராக ஃப்ரிட்ஜில் பிடித்தேன். உறுமியது. மூன்று விநாடி. பத்து விநாடி. நிற்கவில்லை. உள்ளே இருந்த தகடு கைக்குச் சில்லென்று ஆகத் தொடங்கியபோது நான் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் அந்த நேரம் பார்த்து வந்தார். "ட்ராக்டர் பேட்டரிய இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"ஓடுது பாரு."

பார்த்தார். "வேன்ல ஓடலயே."

"அதான் இன்னான்னு பாக்கறேன்."

"ஷாக்கு கீக்கு அடிச்சிடப் போவுது."

"பன்னெண்டு வோல்ட்டுண்ணா. ஒன் டார்ச் லைட்டு கூட அடிக்கும் அப்ப."

தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மல்டிமீட்டரை வைத்து வேனின் பேட்டரியைப் பார்த்தேன், பன்னிரண்டரை காட்டியது. பின்னால் ஃப்ரிட்ஜ் செருகுகிற இடத்தில் பார்த்தேன், அங்கேயும் பன்னிரண்டரை. குழம்பிப்போனேன். பிறகு ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, ஓடுகிற அந்த மூன்று விநாடிக்குள் பார்த்தேன். எண் மளமளவென்று பத்துக்குக் கீழே இறங்கியது. கிணற்று மோட்டாரிலிருந்து நீளமாக ஒரு மெல்லிய டியூப் போட்டால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தானே வரும், அதே கதைதான். முன்னால் சிகரெட் பற்ற வைக்கிற ஓட்டையிலிருந்து பின்னால் வரை யாரோ எனக்கு நூல் மாதிரி ஒரு வயரை இழுத்துக் கொடுத்திருந்தார்கள். போதாததற்கு அதன் முனை பச்சை பூத்துக் கிடந்தது.

ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் தடித்த வயரும் ஃப்யூஸும் கேட்டேன். "ஆள அனுப்பறேன், ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துடுவான்," என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். "நீங்களே போடுவீங்களா?" என்று சிரித்தார். போடுவேன் என்றேன். சனிக்கிழமை முழுக்க வேனுக்குள் மல்லாந்து கிடந்து, தரை விரிப்புக்கு அடியில் வயரை நுழைத்து இழுத்தேன். முழங்கை இரண்டும் சிராய்ந்தது. நடுவில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. எழுந்துபோய்ச் சர்க்கரை கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்தேன். மாலையில் சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. ராத்திரி சாப்பிடும்போது அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை வைத்தேன். வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவர் அதைக் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு," என்றார் அம்மா.

வெள்ளிமலை தாண்டி இரண்டாவது ஊரில், மதியம் கடை விரித்துக்கொண்டிருந்தபோது பெட்டியின் சத்தம் நின்றது. ஒரு நிமிஷம் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் உள்ளே இன்னும் குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் மோட்டார் ஓடவில்லை. ஏறி வந்த களைப்பு, வெயில், இதுவும் சேர்ந்து அழுகை வந்தது. அம்மாவுக்கு போன் செய்தபோது அதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா யாரிடம் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

நான் கடை விரித்தது வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தியின் வாசலில். அன்றைக்கு நான் விழுந்த வாசல் அதுதான். அவள் வந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, பொட்டி நின்னுபோச்சா?"

"ஆமா. பான ஒன்னு இருந்தா குடு. மருந்த வெக்கணும்."

அவள் சாமை கொட்டி வைத்திருந்த சின்னப் பானையைக் காலி செய்து, தண்ணீர்ப் பானையின் ஈரமான அடிப்பக்கத்தோடு சேர்த்து நிழலில் வைத்துக் கொடுத்தாள். மருந்து பத்திரம். அதன் பிறகு எனக்கு அவசரம் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

விளக்கு ஐந்து முறை மினுக்கியது. நெற்றி வியர்வை. சூடு தாங்கவில்லை என்கிறது. காற்றாடியைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. விரலால் தள்ளினால் கரகரவென்று அரை வட்டம் போய் நின்றது. அதன் மேலும், பின்னாலிருந்த குழாய்ச் சட்டத்தின் மேலும், பூனை ரோமம் மாதிரி ஏதோ அடை அடையாக அப்பியிருந்தது. விரலால் இழுத்தால் ரோஸ், நீலம், மஞ்சள். நைட்டித் துணியின் பிசிறு. இரண்டு வருஷமாக நான் நைட்டிக் கட்டுகளை இந்தப் பெட்டியின் காற்று ஓட்டையை ஒட்டித்தான் அடுக்கி வைத்திருந்தேன். அது மூச்சு விட வழியில்லாமல் என் சரக்கையே இழுத்து இழுத்து விழுங்கியிருக்கிறது.

மெக்கானிக் மேல் இருந்த கோபம், வயர் போட்டவன் மேல் இருந்த கோபம், எல்லாம் அந்த இடத்தில் என் மேல் திரும்பியது. கொஞ்ச நேரம்தான். பிறகு பல் துலக்குகிற பிரஷால் பிசிறைச் சுரண்ட ஆரம்பித்தேன். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "இது என் நைட்டியோட கலரு," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

பிசிறைச் சுத்தம் செய்தாலும் காற்றாடி செத்ததுதான். அதன் மேல் பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தது. மலையில் காற்றாடிக்கு எங்கே போவது? வாடிக்கைக்காரப் பெண்தான் சொன்னாள்: "ஜெராக்ஸ் கடைல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்குது. அதுல இந்த மாதிரி ஒன்னு சுத்தும்."

முக்கால் மைல் நடந்து போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் செத்த கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். காற்றாடி வேண்டும் என்றதும் முதலில் அவருக்குப் புரியவில்லை. நானே கழற்றிக்கொள்கிறேன் என்றேன். கழற்றினேன். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டே வயர். அதிலேயும் பன்னிரண்டு வோல்ட் என்றுதான் எழுதியிருந்தது. அவர் மனைவிக்கு ஒரு நைட்டி கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் அண்ணனின் பைக் நின்றது. அவர் வேனின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. வளைவெல்லாம் ஒரே மூச்சில் ஏறி வந்திருக்கிறார். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார், கண்ணை, உதட்டை. நான் நிற்பதைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

"பொட்டி நின்னுபோச்சி இல்ல? சாவிய குடு. வண்டிய நான் ஓட்டிக்கினு வரேன். பைக்க இங்கியே வுட்டுட்டு நாளைக்கி எடுத்துக்கறேன்."

"நான் வரல."

"நீ சொன்ன வார்த்த."

"சொன்னேன். இப்ப வாபஸ் வாங்கிக்கறேன்."

அந்த வார்த்தை வருமென்று எனக்கே தெரியாது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"பொட்டி ஓடுனாலும் போவேன், ஓடலன்னாலும் போவேண்ணா. மருந்து பானைல இருக்குது, நல்லா இருக்குது. பொட்டியக் காட்டி நான் ஒங்கிட்ட பர்மிசன் வாங்கனதே தப்பு. வண்டி என்து. ஒடம்பும் என்து. இருபத்தெட்டு வருசமா தெனம் நாலு ஊசி போட்டுக்கினு இருக்கறது நான். எது எவ்ளோன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதான் அன்னிக்கி இங்க வுழுந்து கெடந்தியா?"

"அன்னிக்கி தெரியல. இப்ப தெரியும்."

அவர் வாசலைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஆம்புலன்ஸ்ல ஒன் கைய புடிச்சிக்கினு வந்தது நான். சில்லுன்னு இருந்திச்சி. ஒவ்வொரு வளைவுலயும் போயிட்ட, போயிட்டன்னு நெனச்சிக்கினே எறங்குனேன். ஒனக்கு இன்னா, நீ கண்ண மூடிக்கினு கெடந்த."

இத்தனை நாளில் அதை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் சாவியை எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் கொடுத்திருந்தால் பாசத்துக்காகக் கொடுத்ததாகிவிடும், திரும்ப வாங்கவே முடியாது. சாக்கில் உட்கார்ந்தேன்.

"போன்ல லைட்டப் போட்டு இதுக்குள்ள காட்டு. இருட்டா இருக்குது," என்றேன்.

பைக் சாவியைப் பாக்கெட்டில் போட்டார். பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து விளக்கைக் காட்டினார்.

பழைய காற்றாடியின் வயரை வெட்டினேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு முறுக்கி டேப் சுற்றினேன். புதியது விரலளவு பெரியது, பழைய இடத்தில் உட்காரவில்லை, திருகு ஓட்டைகளும் பொருந்தவில்லை. உள்பாவாடை நாடா ஒரு கட்டு வேனில் இருந்தது. அதை எடுத்துக் குழாய்ச் சட்டத்தோடு நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். "காத்து அந்தப் பக்கம் போவணுமா, இந்தப் பக்கமா?" என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. தலைகீழாகக் கட்டியிருந்தேன். அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன்.

சுவிட்ச். காற்றாடி சுற்றியது. உறுமல் வந்தது. எல்லோரும் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மினுக்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வாடிக்கைக்காரப் பெண் உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுங்குது," என்றாள். அவளே பலாச்சுளை கொண்டுவந்து அண்ணனுக்குக் கொடுத்தாள். எனக்கு ஒரே ஒரு சுளை கொடுத்தாள். நான் எவ்வளவு சாப்பிடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன் சுளையைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். ஓடுகிற பெட்டியைச் சுட்டிக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரி, ஓடுதில்ல, அப்ப நீ இரு," என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதை அவர் சொல்லிவிடக் கூடாது என்று நான் முந்திக்கொண்டேன்.

"வியாழக்கெழம வருவேண்ணா. பொட்டி நின்னாலும் வியாழக்கெழமதான்."

பைக்கை உதைத்துக் கிளப்பினார். "காலைல போன் பண்ணு," என்றார்.

"சிக்னல் கெடச்சா பண்றேன்."

அவர் போன பிறகு கை நடுங்கியது. சர்க்கரையோ என்று விரலைக் குத்திப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. மருந்தைப் பானையிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அன்றைக்கு விற்பனை சுமார்தான். பாதிப் பேர் பெட்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

வியாழக்கிழமை வீட்டுக்குப் போனபோது யாரும் சாவியைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நான் கிளம்புகிற நாளில் இன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மழை வரும், வளைவில் மண் சரியும், ஆனை வரும் என்று ஏதாவது சொல்வார். எங்கள் மலையில் ஆனையே கிடையாது. கையை மட்டும் நீட்டுவதில்லை.

பெட்டி அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஐப்பசியில் குளிர்ச்சியை அளக்கிற வயர் கெட்டு, நிற்காமல் ஓடி, மருந்தைப் பனியாக்கிவிட்டது. உறைந்த மருந்தைப் போடக் கூடாது. எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த வயரை மாற்ற இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் பானையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை, யாரிடமும் மறைக்கவும் இல்லை.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் புது டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். சின்ன வயது. என் பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, "தனியா வெளியூர் பயணம் எல்லாம் கூடாதும்மா," என்றார். தலையாட்டினேன். ஏதோ எழுதிவிட்டு, "அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை வாங்க," என்றார்.

"செவ்வாய்க்கெழம மலைல இருப்பேன் சார். வெள்ளிக்கெழம வரேன்."

அவர் பேனாவை எடுத்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். செவ்வாயை அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார்.